சுண்ணக்கல்லில் இல்லாதவை

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் ஓடத் தொடங்கியபோது சுண்ணக்கல்லை வாசலிலேயே வெட்டிக்கொண்டார்கள். களிமண்ணை மட்டும் மன்னார்ப் பக்கம் முருங்கனிலிருந்து கொண்டுவந்தார்கள். சீமெந்துக்குச் சுண்ணமும் வேண்டும். சிலிக்காவும் அலுமினாவும் தரும் களியும் வேண்டும். யாழ்ப்பாணத்துக் கல்லில் முதலாவது தாராளம், இரண்டாவது பெயருக்குத்தான். எங்கள் கிணற்றுத் தண்ணீரின் நல்லது கெட்டது இரண்டையும் இந்தக் கொள்முதல் கணக்கிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

*

இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறை. வடக்கு, வடமேற்குக் கரையோரம் மட்டும் அடையற் பாறை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் கிடப்பது மயோசின் காலச் சுண்ணக்கல். மயோசின் என்றால் ஏறத்தாழ 2 கோடியே 30 லட்சம் ஆண்டுக்கு முன் தொடங்கி 53 லட்சம் ஆண்டுக்கு முன் முடிந்த காலம். வேலண்டும் டேவிசும் 1923இல் இலங்கையின் மயோசின் படிவுகளைப் பற்றி லண்டன் புவிச்சரிதவியற் சங்கத்தின் இதழில் எழுதினார்கள். வெயிலும் வெளிச்சமும் எட்டிய ஆழமில்லாத இளஞ்சூட்டுக் கடலில், ஓடுள்ள நுண்ணுயிர்களும் சிப்பிகளும் முருகைகளும் செத்துச் செத்துப் படிந்த சேறு இது. அந்தக் கடலில் பேராறு எதுவும் வண்டல் கொண்டுவந்து பெரிதாகக் கொட்டவில்லை. கல்லில் களி குறைவாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

*

இந்தக் கல்லில் என்ன இருக்கிறது என்று கேட்டால் விடை சுருக்கம்: கல்சைற்று. அதாவது கல்சியம் காபனேற்று. அங்கங்கே கொஞ்சம் மகனீசியம் ஏறிய தொலமைற்று, மணலாக வந்த குவாட்சுத் துகள், விரிசல்களில் சிவப்பாகப் படிந்த இரும்பு ஒட்சைட்டு.

உயிரோடிருக்கும் முருகையின் எலும்பு கல்சைற்று அல்ல, அரகனைற்று. இரண்டும் ஒரே கல்சியம் காபனேற்றுத்தான். பளிங்கு அடுக்கு மட்டும் வேறு. அரகனைற்று சற்று எளிதில் கரையும். நல்ல நீர் பட்டுப் பட்டு லட்சக்கணக்கான ஆண்டுகளில் அது கரைந்து கல்சைற்றாக மறுபடி படியும். அல்லது கரைந்தே போய், சிப்பி இருந்த இடத்தில் சிப்பி வடிவத்தில் ஒரு பொந்து மட்டும் மிஞ்சும். கிணறு வெட்டிப் போட்ட கல்லைத் திருப்பிப் பார்த்தால் இந்தப் பொந்துகள் தெரியும். கல் தண்ணீரைத் தன் உடம்புக்குள் வைத்திருக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. ஆனால் பெரிய பங்கு இந்தச் சிறு பொந்துகளில் இல்லை. வெடிப்புகளிலும் குகைகளிலும் இருக்கிறது.

*

சோதித்துப் பார்க்க விரும்புபவர்களுக்கு: கல்லில் ஒரு துளி வினாகிரி விடுங்கள். மெல்ல நுரைக்கும். ஆய்வுகூடத்தில் ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் விட்டால் பொங்கும். தொலமைற்றானால் துண்டாக இருக்கையில் பேசாமல் இருக்கும், பொடியாக்கி விட்டால்தான் நுரைக்கும். குவாட்சு எதற்கும் அசையாது. மூன்று கனியத்தையும் பிரித்தறிய ஒரு சிறு போத்தல் அமிலம் போதும் என்பது புவியியல் படிப்பின் மலிவான இன்பங்களில் ஒன்று.

*

மழைநீர் தானாகக் கல்லைப் பெரிதாகக் கரைக்காது. வேலையைச் செய்வது மண். வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடுவதால் மண்ணுக்குள் இருக்கும் காற்றில் காபனீரொட்சைட்டு வெளிக் காற்றில் உள்ளதைவிடப் பத்து மடங்கு, சிலவேளை நூறு மடங்கு. அதைக் கரைத்துக்கொண்டு இறங்கும் நீர் மெல்லிய அமிலமாகிறது. அது கல்சைற்றைத் தொட்டதும் கல்சியமும் இருகாபனேற்றும் நீருக்குள் போய்விடுகின்றன. பச்சையாக இருக்கும் தோட்டத்துக்குக் கீழே கல் வேகமாகக் கரையும். வெறும் தரைக்குக் கீழே மெல்லக் கரையும்.

ஒரு கணக்கு. வன்மை ஒரு லீற்றருக்கு 300 மில்லிகிராம் உள்ள நீர் என்று வைத்துக்கொள்வோம். பவுசரில் 10,000 லீற்றர் ஏற்றினால் அதில் மூன்று கிலோ கல் கரைந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. நாக்குக்குக் கொஞ்சம் தெரியும்.

இன்னொரு கணக்கு. ஆண்டுக்கு 200 மில்லிமீற்றர் மழை நிலத்துக்குள் இறங்கி அதே வன்மையோடு வெளியேறுகிறது என்று கொண்டால், ஒரு சதுர மீற்றருக்குக் கீழே ஆண்டுக்கு 60 கிராம் கல் போகிறது. ஆயிரம் ஆண்டில் கல்லின் தடிப்பில் இரண்டு சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். சின்னத் தொகைதான். ஆனால் நீர் எல்லா இடத்திலும் ஒரேயளவாகக் கரைப்பதில்லை. ஏற்கெனவே வெடிப்பு இருக்கும் வழியால்தான் அதிகம் போகும். போன வழி அகலும். அகன்ற வழியால் இன்னும் அதிகம் போகும். குகை உண்டாவது இப்படித்தான். பக்கத்துப் பக்கத்து வளவுகளில் ஒரு கிணறு அள்ள அள்ளக் குறையாமலும் மற்றது மாசியிலேயே அடி தெரிந்தும் கிடப்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். கிணறு வெட்டுபவர் "கண் கிடைச்சிட்டுது" என்று சொல்லும்போது அவருடைய அலவாங்கு தொட்டது இப்படி அகன்ற ஒரு வழியைத்தான்.

*

கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதே கல்சைற்று. கொதிக்கும்போது காபனீரொட்சைட்டு வெளியேற, கரைந்த கல் மறுபடி கல்லாகிறது. மயோசின் கடலில் சிப்பி, பிறகு பாறை, பிறகு கிணற்று நீர், பிறகு குசினியில் பாறை. கொதிக்க வைத்தால் போகும் வன்மையைத் தற்காலிக வன்மை என்பார்கள். சல்பேற்றோடும் குளோரைட்டோடும் சேர்ந்த கல்சியம், மகனீசியம் கொதித்தாலும் போகாது. கொதிக்க வைத்த பிறகும் சவர்க்காரம் நுரைக்க மறுத்தால் நீரில் அந்தப் பங்கு மிகுதி. கரையோரக் கிணறானால் கடல் எட்டிப் பார்க்கிறதோ என்று சந்தேகப்படலாம்.

இலங்கைக் குடிநீர்த் தரம் வன்மைக்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 250 மில்லிகிராம். சுண்ணக்கல்லில் வெட்டிய கிணறு அதைத் தாண்டுவது அதிசயமில்லை. எங்கள் ஊர்களில் வன்மையைக் கண்டு பயப்படுகிற அளவுக்கு வேறெதற்கும் பயப்படுவதில்லை. "தண்ணியில சுண்ணாம்பு, அதால கிட்னியில கல்லு" என்பதுதான் கலியாண வீட்டுப் பந்தியில்கூடக் கேட்கும் தீர்ப்பு. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கல்சியம் ஒட்சலேற்று என்பது சரி. ஆனால் குடலில் இருக்கும் கல்சியம் உணவின் ஒட்சலேற்றைப் பிடித்து வெளியே அனுப்பவும் செய்கிறது. வன்னீரையும் சிறுநீரகக் கல்லையும் நேர்கோட்டில் இணைக்கும் வலுவான சான்று கிடையாது. வெயிலில் வேர்த்து, தண்ணீரைக் குறைத்துக் குடிப்பது அதைவிடப் பெரிய காரணம். கேத்தலில் தெரிவதால் சுண்ணாம்பு பழி சுமக்கிறது என்பது என் எண்ணம். தெரியாத ஒன்றுக்குத்தான் பயப்பட வேண்டும், அதற்கு வருகிறேன்.

*

கல்சியத்துக்குச் சார்பாக ஒரு சாட்சி: புளோரைட்டு. அநுராதபுரம் போன்ற உலர்வலய மாவட்டங்களில் கிணறுகள் உருமாறிய பாறையில் இருக்கின்றன. அந்தப் பாறைகளின் கருமைக்கா, கோண்பிளெண்டு, அப்பற்றைற்று போன்ற கனியங்களிலிருந்து புளோரைட்டு நீரில் இறங்கி, பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறையாகத் தெரிகிறது. யாழ்ப்பாணத்துக் கல்லில் அந்தக் கனியங்கள் இல்லை. இருந்தாலும்கூட, கல்சியம் நிறைந்த நீரில் புளோரைட்டு அதிகம் ஏற முடியாது. இரண்டும் சேர்ந்து கல்சியம் புளோரைட்டாக வீழ்படிந்துவிடும். கல்லில் இல்லாதது நன்மையாக முடிந்த இடம் இது.

*

நிலாவரை. புத்தூருக்குப் பக்கத்தில், நவக்கிரியில். இராமர் அம்பு விட்டு வானரங்களின் தாகம் தீர்த்த இடம் என்பது ஐதிகம். இதில் தேசிக்காய் போட்டால் கீரிமலையில் மிதக்கும் என்பது சிறுவயதில் எல்லோரும் கேட்ட கதை. தேசிக்காய் போகுமோ தெரியாது, தண்ணீர் நிலத்துக்கடியில் வெகுதூரம் பயணப்படும் என்ற அறிவு அந்தக் கதைக்குள் இருக்கிறது. கூரை இடிந்த சுண்ணக்கல் குகை என்று இதைப் புவியியலாளர் சொல்வார்கள். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உவர்.

எமர்சன் டெனன்ற் 1859இல் வெளியான தன் இலங்கை நூலில் புத்தூர்க் கிணற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். கடல்நீர் முருகைக்கல்லினூடாக வரும்போது கல் உப்பை வடித்துவிடுகிறது என்றொரு எண்ணம் அந்தக் காலத்தில் உலவியது. கனியத்தைப் பார்த்தால் அது நடக்காது என்று உடனே சொல்லலாம். கல்சைற்றுக்குக் குளோரைட்டைப் பிடிக்கும் வல்லமை கிடையாது. உப்பு நீர் உப்பு நீராகவே வெளியே வரும். கிணற்றில் இருப்பது கடல்நீர் வடிந்த நீரன்று, மாரி மழை. அது கனதியான உப்பு நீருக்கு மேலே மிதக்கிறது.

*

எவ்வளவு மிதக்கிறது? கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு கூட. ஆகவே கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே நாற்பது மீற்றர் இருக்கும். ஒல்லாந்தர் படோன் கைபன் 1880களின் இறுதியிலும் ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க் 1901இலும் தனித்தனியே கண்ட கணக்கு. இதைத் திருப்பிப் படிக்க வேண்டும்: இறைத்து இறைத்து மேலே ஒரு அடி குறைந்தால், காலப்போக்கில் உப்பு கீழிருந்து நாற்பது அடி ஏறும். துலா மிதித்த காலத்தில் மனிதனின் கால்களே அளவு வைத்தன. மெசின் இறைப்புக்கு அந்த அளவு இல்லை.

அதனால்தான் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டம் இன்றும் பேச்சில் இருக்கிறது. கடல் நீரேரிகளை மறித்து மழைநீரை நிறுத்தினால் பக்கத்துக் கிணறுகளின் உப்பு இறங்கும் என்பது அதன் சாரம். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் வந்தன. திட்டம் முழுமை அடையவில்லை.

*

நன்னீரும் கடல்நீரும் சந்திக்கும் இடத்தில் ஒரு விந்தை நடக்கிறது. நன்னீர் தன்னால் முடிந்தவரை கல்சைற்றைக் கரைத்து நிறைந்துவிட்டது, இனிக் கரைக்காது. கடல்நீரும் அப்படியே. இரண்டும் கலந்தால் கலவைக்கு மறுபடி கரைக்கும் பசி வருகிறது. காபனீரொட்சைட்டுக்கும் கரையும் கல்சைற்றுக்கும் உள்ள உறவு நேர்கோடாக இல்லாததுதான் காரணம். வேறுவேறு நிறைநிலை நீர்கள் கலந்து கல்லை அரிப்பதை சுவிஸ் நாட்டு போக்லி 1960களில் விளக்கினார். கரையோரச் சுண்ணக்கல்லில் பொந்துகள் மலிந்திருப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம். ஆக, உப்பு நிலத்துக்குள் ஏற ஏற, அது அடுத்து வரும் உப்புக்கு வாசலையும் அகலமாக்குகிறது.

*

இனி, தெரியாத ஒன்று: நைத்திரேற்று.

நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கேத்தலில் படியாது. கொதிக்க வைத்தால் போகாது. நீர் ஆவியாகிக் குறைய, செறிவு இன்னும் கூடும். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் போடும் யூரியா, மாட்டெரு, மலசலகூடக் குழி எல்லாம் முடிவில் இந்த ஒன்றாகத்தான் கீழே இறங்குகின்றன. உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். குடாநாட்டின் தோட்டப் பகுதிக் கிணறுகளில் அது தாண்டியிருப்பதை 1980கள் தொட்டே ஆய்வுகள் சொல்லி வருகின்றன. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு முதல் ஆபத்து: இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கும்.

களிமண் இருந்தால் பிடித்து வைத்திருக்கும் என்று சிலர் சொல்வது அரைவாசிதான் சரி. களித்துகளின் மேற்பரப்பில் இருப்பது மறை மின்னேற்றம். நேர் மின்னேற்றமுள்ள அமோனியத்தை அது பிடிக்கும். நைத்திரேற்று தானே மறை மின்னேற்றம், அதை விட்டுவிடும். ஆனால் களியும் வண்டலும் உள்ள நீர்ப்படுகையில் இன்னும் மூன்று காரியம் நடக்கும். நீர் மெல்ல நகரும். சேர்ந்து புதைந்த கரிமப்பொருள் ஒட்சிசனைத் தின்றுவிடும். ஒட்சிசன் தீர்ந்த இடத்தில் பற்றீரியாக்கள் நைத்திரேற்றிலிருந்து ஒட்சிசனைப் பறித்து மீதியை நைதரசன் வாயுவாக விட்டுவிடும். அடையற் பாறைகளில் கிடக்கும் பைரைற்று என்ற இரும்புச் சல்பைட்டும் இதற்கு உதவும். எங்கள் கல்லில் கரிமப்பொருள் சொற்பம், பைரைற்று சொற்பம், வெடிப்புகளால் காற்றும் ஒட்சிசன் கலந்த நீரும் தாராளமாக உள்ளே போகின்றன. நைத்திரேற்றைத் தின்ன ஆளில்லை. தோட்டத்தில் போட்டது தோட்டக் கிணற்றுக்கே திரும்பி வருகிறது.

சீமெந்துக்கு ஏற்ற தூய கல், வடிகட்டியாக உதவாத கல்.

*

கிருமிக்கும் இதே கதை. மணற்படுகையில் நீர் துகள்களுக்கிடையே ஊர்ந்து போகும்போது பற்றீரியா சிக்கும், நாள் கடந்து சாகும். வெடிப்பில் அப்படி இல்லை. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே இத்தனை அடி விட்டால் போதும் என்ற விதி மண்ணுக்கு எழுதப்பட்டது. வெடித்த சுண்ணக்கல்லுக்கு அது ஆறுதல் மட்டுமே. கல் தெரியும் வரை தோண்டி, "நல்லா இழுக்குது" என்று மகிழ்ந்து மூடும் குழி யாருடைய கிணற்றுக்கு இழுக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை.

*

சுன்னாகம். மின் நிலைய வளாகத்திலிருந்து கழிவெண்ணெய் நிலத்தடிக்குப் போய்ச் சுற்றுவட்டாரக் கிணறுகளில் தெரிந்தது 2013க்குப் பிந்திய ஆண்டுகளில் பெரிய பிரச்சினையானது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எண்ணெயைப் பிடித்து வைப்பதும் கரிமப்பொருள்தான். சுத்தமான கல்சைற்று அதையும் வழிவிட்டு அனுப்பும்.

*

கல்லுக்கு மேலே கிடக்கும் செம்பாட்டு மண்ணை நான் குடாநாட்டின் ஒரே வடிகட்டி என்பேன். இரும்பு ஒட்சைட்டுப் பூசிய குவாட்சுத் துகள், கயோலினைற்றுக் களி. கல் கரைந்து போக மிஞ்சிய கசடா, காற்றும் நீரும் கொண்டுவந்து போட்டதா என்பதில் அறிஞர்களிடையே ஒரே கருத்து இல்லை. எப்படி வந்திருந்தாலும், கல்லில் இல்லாத களியும் இரும்பும் அதில் இருக்கின்றன. சில இடங்களில் ஆள் உயரம். சில இடங்களில் மண்வெட்டி ஒரு கொத்தில் கல்லில் மோதும். மண் தடிப்பான இடத்துக் கிணறும் கல் வெளியே தெரியும் இடத்துக் கிணறும் ஒன்றல்ல. அந்த மண்ணை வழித்து ஏற்றி வளவு நிரவ விற்பது, வடிகட்டியைக் கழற்றி விற்பதுதான்.

*

வடமராட்சி கிழக்கில் மணற்காடு. அங்கே வேறு கதை: மணல்மேடு. குவாட்சு கரைவது மிக அரிது. 25 பாகை வெப்பநிலையில் லீற்றருக்குச் சில மில்லிகிராம் சிலிக்கா, அவ்வளவே. மணலுக்குள் மெல்லிய நன்னீர்ப் படை, அதற்கடியில் கடல். மணலை அள்ளினால் அந்தப் படை தங்க இடமிராது.

*

தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. நாளுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு. சவ்வினூடாக அழுத்திப் பிழிந்த நீரில் கனியம் ஏறத்தாழ எதுவும் இராது. அப்படியே குழாயில் விட்டால் குழாயை அரிக்கும். ஆகவே இத்தகைய ஆலைகளில் பொதுவாக நீரைச் சுண்ணாம்பாலோ நொறுக்கிய சுண்ணக்கல்லாலோ மறுபடி கொஞ்சம் வன்மையாக்கித்தான் அனுப்புவார்கள். கேத்தலைச் சுரண்டும்போது திட்டுபவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

*

பரிசோதனைக்குப் போத்தலில் தண்ணீர் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அறிக்கை வந்ததும் எல்லோரும் வன்மை வரியைத்தான் தேடுகிறார்கள். அதை விடுங்கள், கல் எது என்று அது சொல்கிறது, அது எங்களுக்கு முன்பே தெரியும். குளோரைட்டு வரியைப் பாருங்கள், கடல் எவ்வளவு தூரத்தில் என்று தெரியும். நைத்திரேற்று வரி இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். அதில் அலகையும் கவனியுங்கள்: நைத்திரேற்றாக எழுதினால் எல்லை 50, நைதரசனாக எழுதினால் 11. '20' என்ற எண் முதலாவதில் நிம்மதி, இரண்டாவதில் ஆபத்து. மாரிக்கு முன் ஒருமுறை, மாரி முடிந்து ஒருமுறை கொடுத்தால் நல்லது. முதல் மழையோடு நிறைய இறங்கும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அந்த எண் தெரியும் வரை கிணற்று நீரில் பால் கரைக்காதீர்கள். பாழ்கிணற்றுக்குள் குப்பை கொட்டாதீர்கள். அந்தக் கிணறும் உங்கள் கிணறும் ஒரே கல்லில்தான் இருக்கின்றன.